வைத்திலிங்கம் சார் உட்கார்ந்த இடம்

திலகவதி தங்கமான பெண், பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டிக்காரி, கை சுத்தம், வேலையில் புலி. ஆனால் மன்னிக்கத் தெரியாதவள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் தொடக்கப்பள்ளி எங்களுடையது. தலைமையாசிரியர் வைத்திலிங்கம் சார், உதவி ஆசிரியை நான், அவ்வளவுதான். அதே பள்ளியில்தான் திலகவதியும் படித்தாள். அவளுடைய அம்மா இருசம்மாள் தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்றவர். சார் அப்போது இளவட்டம். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடுவார். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கும் வழக்கமே இல்லை. இருசம்மாள் திறந்தார். வாத்தியார் ஏன் பாதி நாளில் ஓடிப்போகிறார் என்று எழுந்து நின்று கேட்டுவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் சாரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்து விசாரித்தார்கள்.

மறுநாள் காலையில், மூன்றாம் வகுப்பிலிருந்த திலகவதியை எழுப்பி வாசற்படியில் கொண்டுபோய் உட்கார வைத்தார் சார். வாத்தியார்களின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போகிறதாம், அதற்குக் காவலாம். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அதுதான் இடம். அங்கிருந்து கரும்பலகை தெரியாது. காதில் விழுந்ததை வைத்தே வாய்ப்பாட்டைப் படித்தாள். வீட்டில் சொன்னால் மறுபடியும் ஊர்க்கூட்டம், மறுபடியும் வம்பு என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். இருசம்மாளுக்கு விஷயம் தெரிந்தபோது முழுப்பரீட்சையே வந்துவிட்டது. ஒரு பெரிய மனிதர் எட்டு வயதுப் பிள்ளையின் மேல் பழி தீர்த்துக்கொண்டார், கேட்பாரில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அவள் நின்று மூச்சு வாங்கவில்லை. கடலூரில் கல்லூரி, சிதம்பரத்தில் பி.எட். சுனாமியில் வீடு போனது. தகரக் கொட்டகையின் வேக்காட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தாள். 2006-இல் ஆசிரியர் பயிற்றுநர் வேலை கிடைத்தது. வட்டார வள மையத்திலிருந்து பள்ளிபள்ளியாகப் போய், பாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. இரண்டு வருஷத்தில் எங்கள் பள்ளியும் அவள் பொறுப்புக்கு வந்தது.

முதல் நாள் வந்தவள் வகுப்பைப் பார்க்கவில்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். நான் என்னம்மா என்று கேட்டதற்குப் பழைய கதையைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்த ஆளு இந்தப் படியில உக்காரணும் டீச்சர். எதுக்கு உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சி உக்காரணும்.”

மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டால் போதாதா என்றேன். புகார் எழுதினால் மாறுதல் வரும், மாறுதல் வந்தால் சிதம்பரத்துப் பக்கமே போய்ச் சேருவார், அது அவருக்குத் தீபாவளி என்றாள். சரிதான் என்று பட்டது.

அவளை வாட்டியது வேறு. சாருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் டீ வாங்கிவரச் சொல்லி உபசரிப்பார். மேடத்துக்கு எந்த ஊர் என்று தேன் ஒழுக விசாரிப்பார். பக்கத்தில்தான் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். மறந்துபோன ஆளை என்ன செய்து என்ன பிரயோசனம் என்று என்னிடம் புலம்புவாள்.

செயல்வழிக் கற்றல் வந்திருந்த சமயம் அது. பெஞ்சு கிடையாது. பிள்ளைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, தட்டிலிருந்து அவரவர் அட்டையை எடுத்துப் படிப்பார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியருக்கும் நாற்காலி கிடையாது, பாய்தான். சார் மட்டும் மூட்டுவலி என்று நாற்காலியை விடவில்லை. வகுப்புக்குள் வரும் அந்த மூட்டுவலி, சாயங்காலம் மெயின் ரோட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது வராது.

பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பதில் ஒரு விதி உண்டு. எழுத்தே பிடிபடாத பிள்ளைகள் முதல் குழு. அவர்களுக்கு முழு உதவி தேவை. அதனால் ஆசிரியர் அந்தக் குழுவோடுதான் உட்கார வேண்டும். எங்கள் சார் அந்த முதல் குழுவின் பாயை எங்கே விரித்தார் தெரியுமா? வாசற்படியில். அவர் மட்டும் உள்ளே நாற்காலியில். கேட்டால், பிள்ளைகளுக்கு அங்கே காற்று நன்றாக வருமாம்.

அடுத்த முறை வந்த திலகவதி அதைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவளோ, அந்தப் பாய் அங்கேயே இருக்கட்டும் என்று சாரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, பெற்றோர் தினத்துக்கு நாள் குறிக்கச் சொன்னாள்.

கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்தோம். ஊரே திரண்டு வந்தது. பிள்ளைகள் எழுதியதையும் வரைந்ததையும் தலைக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். ஒரு பாட்டு, ஒரு நாடகம், அப்புறம் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குக் காட்ட வேண்டும். முதல் குழு சாருடையது, எங்கே பாய் விரித்தாரோ அங்கேயே உட்கார்ந்து நடத்தட்டும் என்று திலகவதி எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

சார் நாற்காலியைத் தேடினார். அதில் இருசம்மாளை உட்கார வைத்திருந்தாள் மகள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முனகியபடியே சார் படியில் உட்கார்ந்தார். வந்தவர்கள் கழற்றிப்போட்ட செருப்பெல்லாம் அவரைச் சுற்றித்தான் கிடந்தது. அதன் நடுவே அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடு, ஆடு என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழைய சங்கதி தெரிந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளை இடித்தாள். சிரிப்பு மெல்லப் பரவியது. எனக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. இருசம்மாள் சாரின் முழங்காலருகே கிடந்த தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே நடந்தார். முதல் குழுப் பிள்ளைகள் இன்னும் பாயில் இருந்தார்கள். சார் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது, முடியவில்லை. திலகவதியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவள் பிடிக்காமல் கேட்டாள். “நான் யாருன்னு தெரியுதா சார்?”

சார் அண்ணாந்து பார்த்தார். மேடம் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. “இருசம்மா பொண்ணு. நீ வந்த அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் பாய இங்க போட்டேன். நீ என்னா பண்ணிடுவேன்னு பாக்கலாம்னு.”

அவளைச் சீண்டுவதற்காக, எழுத்து தெரியாத பிள்ளைகளை இத்தனை வாரமாக வாசலில் போட்டிருக்கிறார் மனுஷன். அவள் கை ஓங்கினாலும் தடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் முகமோ தெளிந்துவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை.

“ரொம்ப நல்லது சார். ஒண்ணும் நெனப்பில்லாத மனுசன இப்பிடி உக்கார வெச்சிட்டமேன்னு, அவ்ளோ நேரம் உறுத்திக்கிட்டே இருந்துச்சி. இப்ப இல்ல.”

குனிந்து பிள்ளைகளை எழுப்பினாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, அவர்களை உள்ளே கூட்டிப்போய், கரும்பலகைக்கு நேர் எதிரே உட்கார வைத்து, ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தாள்.

வாசலில் சாரின் கை நீண்டபடியே இருந்தது. இந்த முறை என் பக்கம் திரும்பியிருந்தது. நானும் பிடிக்கவில்லை.