ஆள் ஏறினால் நிற்கும் வேன்

வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றதும் மெக்கானிக் முதலில் புறங்கையை பானெட்டின் மேல் வைத்துச் சூடு பார்க்கிறார். குனிந்து, தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். சொட்டியிருந்தால் விரலால் தொட்டு முகர்கிறார். அதன் பிறகுதான் வண்டிக்காரர் பக்கம் திரும்புகிறார்.

"சொல்லுங்க. எப்ப நின்னுச்சு? மேடா, பள்ளமா? கியர் எது? பாட்டு ஓடுச்சா?"

பாட்டுக்கும் வண்டி நின்றதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "பாட்டு ஓடினா சத்தம் காதுல விழுந்திருக்காதே" என்பார். இந்தக் கேள்விகளால்தான் அந்தத் தெருவில் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது.

வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்கால் மடங்காது. அதனால் வண்டிக்கு அடியில் போகும் வேலையையெல்லாம் ஷெட்டின் நடுவில் வெட்டிய குழிக்குள் இறங்கி நின்றே செய்கிறார். மதியச் சாப்பாடும் நின்றபடிதான். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைக் கொஞ்சுவார்கள், திட்டுவார்கள். இவர் அதனுடன் பேசுவதில்லை. "அதுக்கா காது இருக்கு? எனக்குத்தான் இருக்கு."

பழைய வேன்கள் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். "வயசான ஆள் மாதிரிங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டா நாலு எடத்தக் காட்டும். இதுல எது புதுசுன்னு கேக்கத் தெரியணும்."

கேட்கத் தெரிந்தவர்தான். நம்பத்தான் தெரியாது. நாற்பது கேள்வி கேட்டு, வரும் பதிலில் ஐந்தை எடுத்துக்கொள்வார். "வண்டி பொய் சொல்லாது. ஓட்டுறவங்க சொல்லுவாங்க. வேணும்னு இல்ல, பயத்துல."

முதியோர் இல்லத்து வேனுக்கு இருபத்தோரு வயது. வாரத்தில் மூன்று நாள் அதில் ஆறு பேரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற டிரைவர் ஒரு பெண். விசாரணையைவிட நாலைந்து வயது மூத்தவர். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் போய்விட்டதென்று விசாரணைதான் புதிதாக மாற்றிக் கொடுத்தார். மறு வாரத்திலிருந்து வேன் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. மூன்று முறை வெறும் வேனைக் கொண்டுவந்து விட்டார் டிரைவர். மூன்று முறையும் இவர் தனியாக ஓட்டிப் பார்த்தார். பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

"ஆளுங்க ஏறினாத்தான் தம்பி நிக்குது."

"வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியுமாக்கா?" என்று சிரித்தார்.

மூன்றாம் முறை இல்லத்து நிர்வாகி போனில் கேட்டபோது, "வண்டியில ஒண்ணுமில்ல சார். கிளட்ச்சை விடற விதத்துல இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை டிரைவரின் வேலைக்கு உலை வைத்தது. இன்னொரு முறை நின்றால் வேறு டிரைவர் என்று நிர்வாகி முடிவாகச் சொல்லிவிட்டார்.

நான்காம் முறை டிரைவர் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு நேராக ஷெட்டுக்கே வந்தார். மணி ஒன்பதரை. பதினொன்றுக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

"இப்பப் பாருங்க தம்பி."

"எல்லாரையும் இறக்குங்கக்கா. வெறும் வண்டியாத்தான் பாக்கணும்."

முன்சீட்டில் இருந்த பெரியவர் தலையை நீட்டினார். "நாங்க ஏறினாத்தானே அதுக்கு நோவு? நோவை இறக்கி வெச்சிட்டு எந்த டாக்டர்யா வைத்தியம் பாக்கறார்?"

விசாரணை யாரையும் இறக்கவில்லை. வேனை குழியின் மேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை ஓடவிட்டு உள்ளே இறங்கினார். ஆறு பேர் கனத்தில் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. தனியாக ஓட்டியபோது அது தாழ்ந்ததே இல்லை.

"எல்லாரும் உக்காந்த எடத்துலயே கொஞ்சம் ஆடுங்க!" என்று குழிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"நாப்பது வருசமா என்னை யாரும் ஆடச் சொன்னதில்லடி" என்றார் பின்சீட்டு அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம். ஆறு பேரும் ஆடினார்கள். வேன் குலுங்கியது. என்ஜின் இரண்டு முறை இருமி, நின்றது.

விசாரணை டார்ச்சை மேலே பிடித்தார். பம்புக்குப் போகும் ஒயரைக் கறுப்பு பிளாஸ்டிக் டேக் ஒன்று பின் அச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. அதை வேனின் தரைத்தகட்டோடு கட்டியிருக்க வேண்டும். வண்டி தாழ்ந்து குலுங்கும் போதெல்லாம் ஒயர் இழுபட்டு, முனை கழன்று கழன்று ஒட்டியிருக்கிறது. டேக்கின் வால் நறுக்கப்படாமல் மடக்கிச் செருகியிருந்தது. அந்தத் தெருவில் அப்படிக் கட்டுகிறவர் ஒருவர்தான்.

குழிக்குள் வேறு யாருமில்லை. மேலிருந்து பார்த்தால் அவருடைய தலையும் வெளிச்சமும்தான் தெரியும். டேக்கை வெட்டினார், முனையை மாற்றினார், ஒயரைத் தளரவிட்டுத் தகட்டோடு கட்டினார். "மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. இன்னொரு தடவை ஆடுங்க" என்றார். இந்த முறை பின்சீட்டு அம்மாள் கையையும் சேர்த்து ஆட்டினார். என்ஜின் நிற்கவில்லை.

மணி பத்தேகால். டிரைவர் ஜன்னலை இறக்கினார். "என்ன தம்பி இருந்துச்சு?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார் விசாரணை. மூடியிருந்த கையை ஜன்னலுக்குள் நீட்டி, வெட்டிய டேக்கை டிரைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் போட்ட கட்டுக்கா. நிர்வாகிகிட்டக் காட்டுங்க."