மஞ்சள் தடவிய பாலிசி

சிங்கப்பெருமாள் கோயிலில் இரண்டு அறை வீடு வாங்கக் கடன் எடுத்த அன்று, வங்கியில் இன்னொரு தாள்கட்டையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். காப்பீட்டுப் பாலிசி. அவருக்கு வேலை போய்விட்டால் மூன்று மாதத்துக்கு வீட்டுத் தவணையை அவர்களே கட்டுவார்களாம். கேட்டதுமே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, புது வண்டிக்குச் செய்வதுபோல் அதற்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, நரசிம்மர் படத்துக்குப் பின்னால் செருகினேன். பிரித்துப் படிக்கவில்லை. சாமியிடம் ஒப்படைத்ததை மறுபடி எடுத்துப் பார்த்தால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நான்கு வருடம் அது அங்கேயே இருந்தது.

போன ஆடியில், அவர் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனியில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.

“என் பேரும் லிஸ்ட்ல கீதுமே,” என்றார். “நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு கூப்புட்டுகிறாங்க. நானா வேலைய வுட்டு போறேன்னு கையெழுத்து போட்டா நல்ல பேரோட அனுப்புவாங்களாம். இல்லன்னா கம்பெனியே தூக்கிட்டதா லெட்டர் வருமாம்.”

எங்கள் பக்கம் ஒருவனை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றால், திருடினானா, யாரையாவது அடித்தானா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“அந்தப் பேரு நமக்கு எதுக்குங்க? மரியாதையா எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க,” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். “தவணைக்குத்தான் பெருமாள் பின்னாடி பேப்பர் கீதே.”

மறுநாள் அவர் கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கின அறையையே திரும்பப் பெருக்கினேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. வங்கியில் என்ன கேட்க வேண்டும் என்றாவது பார்த்து வைப்போம் என்று அந்தப் பாலிசியை எடுத்தேன். மஞ்சள் காய்ந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தேன். முன்னால் எல்லாம் ஆங்கிலம். கடைசியில் இரண்டு பக்கம் தமிழ், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்துப் படித்தேன். நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால் பணம் உண்டு. தாமாக விலகினால் கிடையாது.

உடனே அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போகும்போது எல்லோரும் போனை வாசல் கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அது தெரிந்தும் விடாமல் அடித்தேன். பிறகு தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

கை காட்டிய இடமெல்லாம் நின்றது அந்த வண்டி. “யக்கா, நீ எட்டி எட்டிப் பாத்தா வண்டி வேகமா பூடுமா? ஒழுங்கா குந்து,” என்றார் டிரைவர். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். படிக்க வேண்டியது என் வேலை, அதை உன் தலையில் கட்டிவிட்டேன் சாமி, கையெழுத்து மட்டும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார். “உள்ள மீட்டிங் நடந்துகினு கீதும்மா. யாரையும் கூப்புட முடியாது.”

“எங்க மாமியா கீழ வுழுந்துட்டாங்கண்ணா,” என்று பொய் சொன்னேன். மாமியார் அச்சரப்பாக்கத்தில் நாத்தனார் வீட்டில் நன்றாகத்தான் இருந்தார். அவர் பெயரில் அந்தச் சனிக்கிழமையே அர்ச்சனை செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். “அம்மாவுக்கு இன்னாச்சு?”

“ஒண்ணும் ஆவல. நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“எனக்கு முன்னாடி மூணு பேரு கீறாங்க. ஏய், அம்மாவுக்கு இன்னாச்சுன்றேன்!”

தாளை நீட்டினேன். வெயிலில் நின்று ஒருமுறை படித்தார். மஞ்சளைச் சுரண்டிவிட்டு இன்னொருமுறை படித்தார். முகம் சுருங்கிவிட்டது. “தூக்கிட்டாங்கன்னு ஊரே பேசுமே.”

“பேசட்டுங்க. வூடு இருந்தா, அதுல குந்திகினே கேட்டுக்கலாம்.”

அவர் தாளை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை கேட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தேன்.

“‘நான் போறேன்னு எப்ப சார் சொன்னேன்? அனுப்பறது நீங்க, நீங்களே எழுதிக் குடுங்க’ன்னு சொல்லிட்டேன்,” என்றார் வெளியே வந்ததும்.

ஒரு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் நீக்கக் கடிதம் வந்தது. அதை வாங்கும்போது தபால்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் மூன்று தவணையும் கட்டப்பட்டன. அந்த மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, சிறுசேரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்ட அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான்.

இப்போதும் காலையில் அவர் கிளம்பும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். விபூதி வைத்துவிட்டு, “படிக்காம எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க,” என்பேன்.

“சம்பளம் வாங்கவுமா?” என்பார்.

“அதையும் படிச்சிட்டே போடுங்க.”