பக்கவாட்டில் போகும் மின்தூக்கி

பத்து வயதில் எனக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. என் மாமா ஒரு மின்தூக்கி.

அப்போது சனிக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் ‘ஆமைக்கலம்’ என்றொரு கார்ட்டூன் தொடர் வரும். வெளிநாட்டுத் தொடர்தான், இங்கேயே தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். பிரபஞ்சத்திலேயே மிக மெதுவான பழுதுபார்க்கும் விண்கலத்தைப் பற்றிய கதை. எந்தக் கோளிலிருந்து உதவி கேட்டாலும் ஆமைக்கலம் கிளம்பிவிடும். போய்ச் சேர்வதற்குள் பழுது தானாகவே சரியாகியிருக்கும். அங்கே போய், சரியாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உண்மையான பழுதை உண்டாக்குவார்கள். ஒவ்வொரு வாரமும் இதுதான். ஒவ்வொரு வாரமும் நாங்கள் சிரித்தோம்.

அந்தக் கலத்துக்குள் சலிப்பு தாங்காத ஒரு மின்தூக்கி இருந்தது. ஏறுகிறவர்கள் நகைச்சுவை ஒன்று சொன்னால்தான் கதவை மூடும். நகைச்சுவை மட்டமாக இருந்தால் வேண்டுமென்றே தவறான தளத்தில் கொண்டுபோய் விடும். நடுநடுவே பெருமூச்சு விட்டு, “மேலே, கீழே, மேலே, கீழே. ஒருநாளாவது என்னைப் பக்கவாட்டில் போகச் சொன்னீர்களா?” என்று கேட்கும். அந்தக் குரல்தான் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில், தெம்பனிஸில் எங்களோடுதான் இருந்தார். திங்கள் முதல் சனி மதியம் வரை அவருக்கு வேலை, எங்கள் வட்டார அடுக்குமாடிப் புளோக்குகளின் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது. ஏதோ ஒரு கலைநிகழ்ச்சியில் அவர் பேசியதைக் கேட்டு யாரோ கூப்பிட்டார்கள், போனார், மின்தூக்கி கிடைத்தது. “பகல்ல லிஃப்ட்ட ரிப்பேர் பண்றேன், சாயங்காலம் லிஃப்ட்டாவே ஆயிடுறேன்” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொள்வார். வாரத்துக்கு நாலைந்து வரிகள்தான். ஆனால் அந்த வரிகளைக் குளியலறையில் முப்பது விதமாகச் சொல்லிப் பார்ப்பார்.

என்னிடம் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. அதில் தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். பக்கத்தின் மேல்பாதியில் மாமாவின் வரிகள், கீழ்ப்பாதியில் அறிவியல் பிழைகள். விண்வெளியில் வெடிச் சத்தம் கேட்காது என்று மட்டும் பத்தொன்பது முறை எழுதியிருக்கிறேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

இப்படி இருக்கையில், ஆமைக்கலம் ஒன்றே முக்கால் மணி நேர முழுநீளப் படமாக வரப்போகிறது என்று செய்தி வந்தது. முன்னோட்டத்தில் மின்தூக்கி தன் கூண்டை உடைத்துக்கொண்டு விண்வெளியில் பக்கவாட்டில் பாய்ந்து போனது. படத்தின் நாயகனே மின்தூக்கிதான்!

மறுநாள் தமிழ் வகுப்பில் நான் அறிவித்துவிட்டேன்: படம் முழுக்க என் மாமாதான் பேசுகிறார். என் மாமாதான் மின்தூக்கி என்பதையே பலர் அதுவரை நம்பவில்லை.

“என் மாமா கூடத்தான் எம்ஆர்டி ரயில். டோர்ஸ் ஆர் க்ளோசிங்” என்றான் கவின். வகுப்பே சிரித்தது.

“படத்துக்கு வந்து பாரு. கடைசில பேரு போடுவாங்க லா” என்றேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு மண்டபத்தின் மேல்மாடியில், ஞாயிறு பிற்பகல் சிறுவர்களுக்கு அந்தப் படத்தைத் தமிழில் இலவசமாகக் காட்டினார்கள். கவின், பர்வீன், ஷாலினி மூவரும் வந்தார்கள். மாமாதான் எங்களை அழைத்துப் போனார். அவரிடம் படத்தைப் பற்றி அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை முறை கேட்டிருப்பேனோ, அத்தனை முறையும் “பாத்துக்கலாம் பாப்பா” என்றுதான் பதில் வந்தது. ரகசியம் காக்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

இருக்கைகளுக்கு எண் கிடையாது. முதலில் வந்தவர் உட்காரலாம். மாமா கீழே கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தபோது நான் மேலே ஓடி, முன்வரிசையின் நடுவில் ஐந்து நாற்காலிகளில் ஐந்து டிஷ்யூ பாக்கெட்டுகளை வைத்தேன். உணவங்காடியில் டிஷ்யூ வைத்து மேசை பிடிக்கும் அதே சட்டம்தான். எங்களுக்குப் பின்னால் வந்த பெரியவர்கள்கூட அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனார்கள்.

மாமா வந்து பார்த்தார்.

“முன்னாடியா? பின்னாடி கதவுகிட்ட நிறைய காலியா இருக்கே பாப்பா.”

“டிஷ்யூ வச்சாச்சு மாமா.”

“இங்க உக்காந்தா கழுத்து வலிக்கும்லா. நீங்க நாலு பேரும் இங்க இருங்க, நான் பின்னாடி...”

“உங்களுக்குத்தான் நடு சீட்டு.”

இன்னொரு முறையும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாமா நடு நாற்காலியிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விளக்குகள் அணைந்தன. நான் நோட்டுப்புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டேன். படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரையில் மின்தூக்கியின் கதவு திறந்தது. “மேலே, கீழே” என்று ஒரு குரல் கேட்டது. கனமான, கம்பீரமான, அரசர் வேடத்துக்குப் பொருத்தமான குரல். மண்டபத்தில் பெரியவர்கள் அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டு கைதட்டினார்கள். அது பெயர்பெற்ற ஒரு நடிகரின் குரல்.

கவின் குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

மாமாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, இது உங்க குரல் மாதிரியே இல்லையே?”

“சளி பாப்பா. ரெக்கார்டிங் நேரத்துல சளி பிடிச்சிருச்சு” என்று மாமா என் காதில் சொன்னார்.

நான் அதை அப்படியே நம்பினேன். சளி பிடித்ததால் குரல் கனத்துவிட்டது என்று புரிந்துகொண்டு, வரிசையின் கடைசிவரை அந்தத் தகவலை அனுப்பினேன். படத்தில் மின்தூக்கி கூண்டை உடைத்தது, பக்கவாட்டில் பாய்ந்தது, விண்மீன்களுக்கெல்லாம் நகைச்சுவை சொன்னது. நல்ல படம். எழுதக் கை ஓயாத அளவுக்குப் பிழைகளும் இருந்தன.

படம் முடிந்து கூட்டம் எழுந்தபோது நான் எழவில்லை. மற்றவர்களையும் எழ விடவில்லை. பெயர்கள் ஓடின. நாங்கள் ஐந்து பேரும் காலியான மண்டபத்தின் முன்வரிசையில் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தோம். ‘மின்தூக்கி’ என்ற சொல் வந்தது. அதற்கு எதிரே அந்த நடிகரின் பெயர் வந்தது. பிறகு எத்தனையோ பெயர்கள், ஓட்டுநர், தேநீர் கொடுத்தவர் வரைக்கும். மாமாவின் பெயர் எங்கும் இல்லை.

“சளி பிடிச்சா பேருமா மாறிடும்?” என்றான் கவின்.

திங்கட்கிழமை வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பாடவேளையாகக் கண்முன் ஓடியது. ஆறு பாடவேளைகள், ஓர் இடைவேளை.

மாமா முறுக்குப் பொட்டலத்தை மடித்தபடி, “சளின்னா வேற ஆளத்தானடா கூப்பிடுவாங்க, தம்பி” என்றார். கவினிடம் அது எடுபடவில்லை. தெம்பனிஸுக்கு ரயில் ஏறினோம். பர்வீன் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தாள். அதைத் தின்ன எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தின்றேன்.

அம்மா எல்லாருக்கும் மீ கோரிங் நூடுல்ஸ் செய்து வைத்திருந்தார். எங்கள் வீடு எட்டாவது மாடியில். கீழ்த்தளத்தில் மின்தூக்கி காத்திருந்தது. ஏறினோம். நான் எட்டை அழுத்தினேன். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பொத்தான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

கதவு மூடவில்லை.

“ஸ்பாயிலா?” என்று கவின் கையை நீட்டிக் கதவு மூடும் பொத்தானை நாலைந்து முறை குத்தினான்.

“யாரது குத்துவது? அது என் மூக்கு.”

சனிக்கிழமைக் காலைகளின் அதே குரல். கொட்டாவியும் கோபமும் கலந்த, மூக்கால் இழுக்கும் குரல். ஷாலினி “ஹா!” என்று கத்தியேவிட்டாள். கவினின் கை பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“காலையிலிருந்து மேலே, கீழே, மேலே, கீழே. ஒருநாளாவது என்னைப் பக்கவாட்டில் போகச் சொன்னீர்களா? நகைச்சுவை இல்லாமல் பயணம் இல்லை. மூக்கைக் குத்தியவர் முதலில்.”

“அங்கிள், நீங்கதானே...”

“இங்கே அங்கிள் யாரும் இல்லை. நான் மின்தூக்கி.”

கவின் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். “ஒரு ரோபோ ஸ்கூலுக்குப் போச்சு. டீச்சர் ஹோம்வொர்க் எங்கேன்னு கேட்டாங்க. அது, என் பேட்டரி சாப்பிட்டுருச்சுன்னு சொல்லுச்சு.”

மின்தூக்கி பெருமூச்சு விட்டது.

“இது நகைச்சுவையா, புகார் மனுவா? பன்னிரண்டாம் மாடி!”

கதவு மூடியது. எட்டில் நிற்காமல் மின்தூக்கி நேராகப் பன்னிரண்டுக்கே போயிற்று. நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அலறினோம். கதவு திறந்தபோது, தள்ளுவண்டியோடு ஒரு சீனப் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

“ஐயோ, லிஃப்ட் ஸ்பாயில் ஆ?”

“நோ லா ஆண்ட்டி, டெஸ்டிங், டெஸ்டிங். டூ மினிட்ஸ்” என்றார் மாமா, தன் சொந்தக் குரலில், திரும்பாமலே.

ஷாலினிக்குச் சிரித்துச் சிரித்துப் பேச்சே வரவில்லை. அதையே அரை டிக்கெட்டாக மின்தூக்கி ஏற்றுக்கொண்டது. அடுத்தது பர்வீன். வகுப்பில் வாயே திறக்காதவள் ஒரே மூச்சில் சொன்னாள்: “எங்க அத்தா விடுற குறட்டைய ரெக்கார்ட் பண்ணி அவங்க ஃபோன்லயே ரிங்டோனா வச்சுட்டோம். மீட்டிங்ல அடிச்சப்ப அத்தா சுத்திப் பாத்துட்டு, யாருங்க தூங்குறதுன்னு கேட்டாங்களாம்.”

மின்தூக்கி தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தது. அதன் குரல் பாதியில் உடைந்து, மாமாவின் சொந்தச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே எட்டை அழுத்தினார். கதவு மூடியது.

“நான் சொல்லவே இல்லையே” என்றேன்.

“உனக்கு வேண்டாம்” என்றது மின்தூக்கி. “நீதான் டிஷ்யூ வைத்துவிட்டாயே.”

மீ கோரிங் சாப்பிட்டபடியே நான்கு பேரும் ஒரே நேரத்தில் அம்மாவிடம் பேசினோம். அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். கிளம்பும்போது கவின் மாமாவிடம் கையெழுத்துக் கேட்டான். தாள் எதுவும் கைக்கு அகப்படாததால் மாமா சட்டைப்பையில் கையை விட்டு அந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, அதன்மேல் ‘மின்தூக்கி’ என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வகுப்பில் அதை எல்லாருக்கும் காட்டியது கவின்தான். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு இரவே படத்துக்கான பக்கத்தை எழுதி முடித்திருந்தேன். மொத்தம் இருபத்திரண்டு பிழைகள். கடைசி வரி: ‘22. மின்தூக்கியின் குரல். காரணம்: மாமாவுக்குச் சளி.’

அந்த நோட்டுப்புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படம் வருவதற்கு முந்தைய மாதங்களில் வீட்டில் யாருக்கும் சளி இல்லை என்பது இப்போது அதைப் புரட்டும்போது நினைவுக்கு வருகிறது. மின்தூக்கியின் பங்கு பெரிதானால் மாமாவின் பங்கும் பெரிதாகும் என்று பத்து வயதில் கணக்குப் போட்டிருந்தேன். பங்கு பெரிதானதால்தான் அது அவரிடமிருந்து போனது.

இப்போது நான் மின்தூக்கிகளின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மாமா தன் குடும்பத்தோடு சுவா சூ காங்கில் இருக்கிறார். அங்கே ஒரு வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பில். குளியலறையில் இப்போதும் பேசுகிறார் என்று அத்தை சொல்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பொத்தான் பலகைக்குக் கீழே உள்ள சிறு கதவைத் திறந்து, சாவியைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார்கள். திருப்பிவிட்டால் மின்தூக்கி மற்ற மாடிகளின் அழைப்புக்குப் போகாது. உள்ளே நிற்பவர் அழுத்திப் பிடித்தால்தான் கதவு மூடும். அன்று எங்கள் மின்தூக்கி செய்ததும் இதையேதான். மருத்துவரின் கழுத்தில் எப்போதும் கருவி தொங்குவதுபோல மாமாவிடம் எப்போதும் அந்தச் சாவி இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சாவியை எடுக்கும்போது ஏட்டில் ஒரு கையெழுத்து, வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. விடுமுறை நாளில் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் வேலையே போகலாம். மாமா காலத்திலும் இதே ஏடுதானா என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “இன்னும் கடுமை” என்றார்.

சனிக்கிழமை மதியமே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய சாவி. அதைக் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மாமா மறுநாள் எங்களோடு கிளம்பி, முறுக்கு வாங்கிக்கொண்டு, நான் பிடித்து வைத்திருந்த முன்வரிசை நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.