போர்ட்டிக்கோவுக்கு வந்த சிவப்புக் கார்

எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் ஒரு போர்ட்டிக்கோ இருக்கிறது. இரண்டு தூண்கள், மேலே தட்டு, கீழே மினுங்க இழைத்த சீமெந்துத் தரை. நெல்லியடியில் எனக்குச் சீதனமாக எழுதிய வீடு இது. எனக்கு இருபத்தைந்து வயது நடந்தபோது அப்பா அந்தப் போர்ட்டிக்கோவைக் கட்டினார். வரப்போகிற மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரனாக இருப்பான், வான் பிடித்துக்கொண்டுதான் வருவான், அந்த வான் வெயிலில் நிற்கக் கூடாது என்பது அவருடைய யோசனை. மாரியில் றோட்டு வெள்ளம் வளவுக்குள் வந்துவிடும் என்று கேற் வாசலில் சீமெந்தால் உயரமாக ஒரு திட்டும் போட்டார். வான் உயரம்தானே, ஏறி இறங்கும் என்றார்.

மாப்பிள்ளை வரவில்லை, வானும் வரவில்லை. போர்ட்டிக்கோவில் வெங்காயம் காய்ந்தது, மிளகாய் காய்ந்தது, மழைக்காலத்தில் உடுப்புக் காய்ந்தது. அப்பாவின் சொந்தக் கார் மட்டும் பின்வளவு மாமரத்தின் கீழ் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு நின்றது. இளவயதில் வெங்காயம் கைகொடுத்த ஒரு போகத்தில் அவர் வாங்கிய பழைய இங்கிலீஷ் கார் அது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடியது. அதை முன்னுக்குக் கொண்டுவந்து விடுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "அது வாற ஆளின்ரை இடம், பிள்ளை" என்பார். அம்மா இருந்த காலத்தில் அவரும் அதைத்தான் சொன்னார்.

எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறேன். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று "சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று பகல் முழுக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்கு வருவேன். வந்தாலும் இருப்புக் கொள்ளாது. தேத்தண்ணி குடித்தவுடன் திரும்ப எங்காவது போக வேண்டும் போல இருக்கும். போவதற்கு இடமும் இராது. கலியாணப் பேச்சு எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. சொந்தக்காரருக்குத்தான் அலுக்கவில்லை. எள்ளுத்தான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறதோ தெரியாது.

அப்பா யாரோடும் வாதாட மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் என் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வார், அவ்வளவுதான். என் நட்சத்திரமும் வேண்டுதலும் ஐயருக்குப் பாடம். அப்பா தட்டை நீட்டியதும் அவரே "விவாகப் பிராப்தி" என்று தொடங்கிவிடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

எங்கள் ஊரில் எந்த வயதில் யார் கார் வாங்கலாம் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இருபதில் வாங்குகிறவனுக்கு லண்டனில் மாமன் இருக்க வேண்டும். முப்பதில் வாங்குகிறவனுக்குச் சீதனம் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீசிங்காரன் வாசலில் நிற்பான். ஐம்பதுக்கு மேல் வாங்குகிறவர் பிள்ளைகளை எல்லாம் வெளியே அனுப்பி முடித்தவர். எழுபதில் யாரும் வாங்குவதில்லை, வைத்திருப்பதை விற்பதுமில்லை. இறக்குமதியை நிறுத்தினார்கள், விலை ஏறியது. திறந்துவிட்டார்கள், அப்போதும் இறங்கவில்லை. ஆனால் இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. மிஞ்சிப் போனால் சந்தைக்குப் போய்வரச் சின்னதாக ஒரு கார், அதுவும் வெள்ளை நிறத்தில்.

அண்ணையின் மகனுக்கு இருபத்து நான்கு வயது. வீட்டில் இருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கம்பியூட்டர் வேலை செய்கிறான். ஒருநாள் வந்து, "மாமி, ஒரு கையெழுத்து வேணும்" என்று குழைந்தான். பக்கத்து ஒழுங்கையில் ஒரு சிவப்புக் கார் விற்பனைக்கு இருக்கிறதாம். லீசிங்குக்குப் பிணை நிற்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தேவையாம். எங்கள் குடும்பத்தில் அந்தக் கொடுப்பினை எனக்குத்தான்.

"பிணை நிக்கிறதெண்டால் முதலிலை நான் காரைப் பாக்கவேணும்" என்றேன்.

விற்கிறவருக்கு முப்பத்து நான்கு வயது. கலியாணத்துக்கு முதல் வருடம் லீசிங்கில் எடுத்த காராம். கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் கார்தான் முன்னுக்கு நிற்கிறது, மனைவி அதன் மேல் சாய்ந்து நிற்கிறார். இப்போது கனடாவுக்குப் போக விசா வந்துவிட்டது, அதனால் விற்கிறார். நான்கு கதவு, பின்னால் டிக்கி. ஆனால் உடம்பு தாழ்ந்து நிலத்தோடு படுத்திருந்தது. முன்முகம் கோபக்காரன் முகம். மருமகன் கேட்டதெல்லாம் சைலன்சரைப் பற்றியும் சில்லைப் பற்றியும்தான். விற்பவரும் அவனுக்கே பதில் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கும் அவனைப் பார்த்தே பதில் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தம்பி, கார்த் திறப்பைத் தாங்கோ. நான் ஓடிப் பாக்கிறன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லைசென்ஸ் எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அப்பாவின் காரைச் சந்தைவரை ஓட்டியிருக்கிறேன், ஸ்ரியறிங்கைத் திருப்பவே இரண்டு கையும் நோகும். இது விரலுக்குத் திரும்பியது. நான் சந்தைப் பக்கம் போகவில்லை, நேரே வல்லை வெளிக்கு விட்டேன். யாழ்ப்பாணம் போகும் வழியில் வீடும் மரமும் இல்லாத வெட்டவெளி அது, காற்றுத்தான் இருக்கும். ஸ்கூட்டியில் போனால் அந்தக் காற்று என்னைக் கரைக்குத் தள்ளும், தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். அன்றைக்குத் தலை குனியவில்லை. காலை அழுத்தினேன். கார் ஒருகணம் மூச்சை இழுத்துவிட்டுப் பாய்ந்தது. பக்கத்தில் இருந்த மருமகன் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை காலமும் எனக்குள் ஏதோ கிடந்து துடித்துக்கொண்டிருந்ததே, அது முதன்முறையாகச் சும்மா இருந்தது. எனக்கு அந்தக் கார் வேண்டும். இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது மருமகனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிப்போனது.

"உங்களுக்கேன் மாமி உந்தக் கார்?"

"உனக்கேன்?"

"சத்தத்துக்கு" என்றான் உண்மையாக. பிறகு, "நீங்கள் எங்கை போறதுக்கு?" என்றும் கேட்டான். எங்கே என்று எனக்கே தெரியாததால் கோபம்தான் வந்தது.

கார் வாங்க என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. வங்கியில் நிலையான வைப்பாக அப்பா போட்டுவைத்த காசு. வீட்டில் அதை நாங்கள் "அந்தக் காசு" என்றுதான் சொல்வோம். சீதனக் காசு. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்திருப்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. கேட்பதென்றால், இனிக் கலியாணம் இல்லை என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்வதாகும். நான் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவரிடம் மட்டும் சொன்னதில்லை.

அவர் மாமரத்தின் கீழ் தன் காரின் பிளக்கை மண்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் காசை எடுக்கவேணும். கார் வாங்க."

தேய்ப்பது நின்றது. "அது உனக்கெண்டு வச்சது."

"எனக்குத்தான் கேக்கிறன்."

"எடுத்தால், பிறகு ஆரும் கேட்டு வந்தால்?"

"ஆர் அப்பா வருவினம்?"

அவர் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன கார்?" என்று கேட்டார். சொன்னேன். "சிவப்போ? உது பழுதானால் ஆர் திருத்துறது? என்ரை காரெண்டால் ஒரு ஸ்பனரோடை நானே கழட்டிப் பூட்டுவன்." பிறகு, "கொண்டுவா, பாப்பம்" என்றார்.

எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோதும் பாப்பம், கொழும்பில் படிக்கக் கேட்டபோதும் பாப்பம். அந்தக் கிழமை முழுவதும் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு அம்மாவிடம் சாப்பாட்டுக்கு முன் போடும் குளிசையைப் பின் என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய்த் திருத்தினேன். விற்பவர் வேறு நாள்தோறும் போன் எடுத்தார். "அக்கா, வெள்ளிக்கு முதல் முடிவைச் சொல்லுங்கோ. நீங்கள் இல்லையெண்டால் உங்கடை மருமகன் நிக்கிறார்." மருமகன் வேறொரு பிணைக்காரரைப் பிடித்துவிட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவனுடைய போனை நான் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் காரைக் கொண்டுவந்தேன். நான் ஓட்டினேன், விற்பவர் பக்கத்தில் இருந்தார், மருமகன் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். அப்பா கேற்றை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு, சால்வையோடு போர்ட்டிக்கோவில் நின்றார். அங்கே காய்ந்த மிளகாயைக்கூட அள்ளியிருந்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

முன்சில்லு வாசல் திட்டில் ஏறி இறங்கியது. அடுத்த கணம் அடியில் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. பாதி வளவுக்குள், பாதி ஒழுங்கையில், வயிறு திட்டின் மேல். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை.

"ஐயோ அக்கா, மெல்ல" என்று விற்பவர் தலையில் கை வைத்தார். ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதனால் மூடுவது? "உந்த வயசிலை உது தேவையோ" என்று ஒரு குரல் கேட்டது. நாலு பேராகப் பிடித்துத் தூக்கித் தள்ளிக் காரை ஒழுங்கைக்கு எடுத்தோம். விற்பவர் குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார். கீறல்தான், வேறு ஒன்றுமில்லை.

மருமகன் மெதுவாகச் சொன்னான்: "எங்கடை வீட்டுக் கேற் மட்டமாய்த்தான் இருக்கு, மாமி."

ஆறுதலுக்குத்தான் சொன்னான் என்று இப்போது விளங்குகிறது. அப்போது அவனை அறையலாம் போல இருந்தது. வராத ஒருவனுடைய வானுக்கு அளவெடுத்துக் கட்டிய வாசல். இந்த வீட்டின் மகள் ஒருநாள் தானே கார் ஓட்டிக்கொண்டு வருவாள் என்று கட்டிய அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண் முட்டிக்கொண்டு வந்தது. ஒழுங்கை நடுவில் அழக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், "நீ எடுத்துக்கொண்டு போ" என்று திறப்பை அவன் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போகத் திரும்பினேன்.

அப்பா போர்ட்டிக்கோவில் இல்லை. பின்வளவிலிருந்து வந்துகொண்டிருந்தார். சால்வையைக் காணோம், வேட்டி மடித்துக் கட்டியிருந்தது, கையில் கனத்த இரும்பு அலவாங்கு. என்னைத் தாண்டி நேரே கேற்றடிக்குப் போய்த் திட்டின் நடுவில் ஓங்கிப் போட்டார்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"பாத்தால் தெரியேல்லையோ."

"மாரிக்கு வெள்ளம் உள்ளுக்கு வரும்."

"வந்தால் வடியும்."

பழைய சீமெந்து, லேசில் விடவில்லை. நாலைந்து போட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல், உடைந்த சீமெந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வானுக்கெண்டு போட்டது. இனி வான் வராது, பிள்ளை."

நான் அந்த இடத்திலேயே அழுதேன். ஊர் பார்த்தது, பார்க்கட்டும். மருமகன் திறப்பைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு அப்பாவிடமிருந்து அலவாங்கை வாங்கினான். "தள்ளுங்கோ அப்பப்பா" என்றான். இருட்டுவதற்கு முன் வாசல் மட்டமாகிவிட்டது. அடுத்தநாள் காலையில் அப்பா வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். வழி நெடுக வெங்காய விலையைப் பற்றித்தான் கதைத்தார்.

பின்னேரம் காரைக் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். ஐயர் காருக்குச் சந்தனம் வைத்துப் பூமாலை போட்டார், நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா அர்ச்சனைத் தட்டையும் நீட்டினார். ஐயர் பழக்கத்தில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "விவாக" என்று தொடங்கினார்.

"அது வேண்டாம் ஐயா" என்றார் அப்பா. "பிள்ளை கார் ஓடப்போகுது. போற வழி நல்லாய் இருக்கவேணும். அவ்வளவு காணும்."

ஐயர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு மந்திரம் சொன்னார். இத்தனை வருடமும் அந்தச் சொல்லைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள் நான். அது நின்றபோது வருத்தமாக இருந்தது. எனக்காக அல்ல. அதைச் சொல்லச் சொல்லி வெள்ளிக்கு வெள்ளி தட்டோடு நின்ற மனிதருக்காக.

காரை எடுத்தேன், எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. அப்பா முன்சீட்டில் ஏறினார், ஏறினார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். "மெத்தத் தாழ்வு" என்று முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைத் தேடிப் போட்டார்.

"எங்கை போறம்?"

"வல்லைக்கு."

"மெல்லப் போ" என்றார்.

நான் மெல்லப் போகவில்லை.