பச்சை வண்டிக்குப் பக்கத்து இடம்

தைவானில் தைனான் நகரத்தில் எங்கள் சந்தில் கேஸ் சிலிண்டர் போடும் சாய்வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய ஸ்கூட்டர் வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முப்பத்திரண்டு வயது வண்டி அது. கிளப்பினால் சந்து முழுக்கப் புகை. பின்னால் சிலிண்டர் மாட்டும் கம்பி துருவேறி, சீட்டு கிழிந்து, அதன்மேல் ஒட்டிய டேப்பும் கிழிந்து கிடக்கும். சாய்வாங்குக்கு வயது ஐம்பத்தெட்டு. மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். மகள் தைபேயில் வேலை பார்க்கிறாள். யாருடைய வம்புக்கும் போகாத மனிதர் என்றுதான் போன கோடை வரை சந்தே நம்பிக்கொண்டிருந்தது.

கோடையில் மருந்துக்கடை பீஷியா புது வண்டி வாங்கினாள். பேட்டரி வண்டி, புதினா பச்சை. ஓடினால் சத்தமே வராது. ஒருநாள் தற்செயலாக இந்தப் பச்சை வண்டியும் சாய்வாங்கின் கிழட்டு வண்டியும் ஒட்டி நின்றன. காலை எட்டு மணிக்குக் கடை திறக்கக் கிளம்பிய பீஷியா வண்டியை எடுக்க முடியாமல் திணற, சாய்வாங் தன்னுடையதைச் சாய்த்து வழி விட்டார். "சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள். "சாப்பிட்டேன்" என்றார் இவர். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் ஆள் காலி.

அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியதெல்லாம் தினம் காலையில் அந்த ஒரு நிமிடம். அது சும்மா கிடைக்குமா? பீஷியா சாயங்காலம் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே செருகிவிட்டுப் போய்விடுவாள். வரிசையில் நாற்பது வண்டிகள், நடுவில் ஒரு கை நுழையாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இடம் இல்லையென்றால் பக்கத்து வண்டியைப் பின்கம்பியில் பிடித்துத் தூக்கி, ஒரு சாண் நகர்த்திவிட்டு நம்முடையதை நுழைத்துக்கொள்ளலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு சாண் என்றால் வழக்கம். சாய்வாங் செய்தது அட்டூழியம். காலை ஐந்தரைக்கு இறங்கி வந்து, ஏழெட்டு வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்றி, பச்சை வண்டியையும் இழுத்துக்கொண்டு வந்து தன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவார். தூசி படிந்த அதன் சீட்டைத் துடைத்தும் விடுவார். தன் சீட்டைத் துடைத்ததில்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பச்சை வண்டி தனியாக நின்றால் கடை ஜன்னலில் வைத்த சாமான் மாதிரி இருக்கும். கிழட்டு வண்டி தனியாக நின்றால் காயலான் கடைக்குப் போக வேண்டியது என்று தோன்றும். சேர்ந்து நின்றால் இரண்டுக்குமே ஒரு களை வந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எதிரே வண்டி மெக்கானிக் ஆ-ஹோவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஏன்யா, பேசாம அந்தம்மாகிட்ட வாயத் திறந்து பேசேன். ஊர் வண்டியெல்லாம் எதுக்குத் தூக்குற?"

"பேசுறேன், பேசுறேன். நேரம் வரட்டும்."

"போலீஸ்தான் வரும். புது வண்டி. எவனோ திருடப் பாக்குறான்னு அது புகார் குடுத்துச்சுன்னா, அப்புறம் இந்தச் சந்துல ஒருத்தியும் உன்கிட்ட சிலிண்டர் வாங்க மாட்டா. அந்தம்மா உன் மூஞ்சிலயே முழிக்காது."

அந்தக் கடைசி வரிதான் சாய்வாங்கைத் தூங்க விடவில்லை. ஆனாலும் மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து வந்துவிட்டார். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒரு காலையில் ஆறாவது வண்டியைத் தூக்கும்போது இடுப்பில் 'மளுக்' என்றது.

இரண்டு நாள் படுக்கை. மூன்றாம் நாள், போகிற உயிர் அவமானத்திலேயே போகட்டும் என்று சுவரைப் பிடித்துப் பிடித்து மருந்துக்கடைக்குப் போனார். வேறு மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

"எங்க வலி?" என்றாள் பீஷியா.

"இடுப்புல. சிலிண்டர் தூக்குனேன்."

"முப்பது வருஷமா சிலிண்டர் தூக்குறவருக்கு இப்பத்தான் வலிக்குதாக்கும்."

அவள் பிளாஸ்திரியை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தன் செல்போனையும் வைத்து அவர் பக்கம் திருப்பினாள். 'உங்கள் வண்டி அசைக்கப்பட்டது. காலை 5.34.' அதற்குக் கீழே 5.31. அதற்குக் கீழே 5.36. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"புது வண்டியில இந்த வசதி இருக்கு. தொட்டா போன் கத்தும். முதல் நாளே ஜன்னல் வழியாப் பாத்துட்டேன்."

சாய்வாங்குக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மேடம். சத்தியமா திருட வரல."

"தெரியும். எந்தத் திருடன் சீட்டைத் துடைச்சிட்டுப் போவான்?"

"இனிமே தொட மாட்டேன்."

"அந்தக் கதையே வேணாம்." பீஷியா பிளாஸ்திரியைப் பையில் போட்டாள். "நான் அலாரம் வைக்கிறத விட்டே மூணு மாசம் ஆச்சு. ரெண்டு நாளா நீங்க வரல, ரெண்டு நாளும் கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தேன். வந்தவங்கெல்லாம் திட்டிட்டுப் போறாங்க."

சாய்வாங் பையை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் என் வண்டியக் கொஞ்சம் குறுக்க நிறுத்தி உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன். ஒண்ணையும் தூக்காதீங்க. காலைல அஞ்சரைக்கு வந்து என் வண்டிய சும்மா ஒரு தட்டு தட்டுங்க, நான் எந்திரிச்சிடுவேன்."