சரவெடிக்கு ஒரு உண்டியல்

ஆபீஸில் அவளுக்குச் சரவெடி என்று பேர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். காதே கண்ணாக இருக்கிற ஒருத்திக்கு முதுகுக்குப் பின்னால் பேசினாலும் முகத்துக்கு நேரே பேசினாலும் ஒன்றுதான் என்பது அந்த மேதாவிகளுக்கு உறைக்கவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை. பேர் பொருத்தமாகத்தான் இருந்தது.

வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கிற கம்பெனி. ரிப்பேர் என்று போன் வந்தால் பேசி, பதிவு செய்து, மெக்கானிக்கை அனுப்பி வைப்பது அவள் வேலை. இடது காதில் வாடிக்கையாளரின் வசவு, வலது காதில் கம்ப்யூட்டரின் குரல். திரையில் இருப்பதை எல்லாம் அந்தக் குரல் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது கடுகு பொரிகிற சத்தம்தான்.

கல்லூரியில் படிக்கும்போது பார்வை போனது. அதன்பிறகு வீட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தவளுக்கு, திரைபடிப்பான் என்கிற இந்த மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தவன் அண்ணன். கடையில் விற்கிற திரைபடிப்பான் அவனுடைய பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இது இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். வேலை கிடைத்த கையோடு, அதை எழுதுகிறவர்களுக்கு மாசாமாசம் ஒரு சின்னத் தொகை பேங்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிட்டாள்.

"சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குடி காசு?" என்று அண்ணி கேட்டாள்.

"சும்மா கிடைக்குது அண்ணி. சும்மா உருவாகலியே."

அண்ணிக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆபீஸில் இருந்த படித்த ஜென்மங்களுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

ஒருநாள் கம்பெனி, புகார் பதிவு செய்கிற மென்பொருளையே மாற்றியது. பெரிய இடத்தில் பெரிய விலை கொடுத்து வாங்கியது. கலர் கலராக இருக்கிறது என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவள் காதில் மட்டும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று கேட்டது. எது பதிவு செய்கிற பட்டன், எது அழிக்கிற பட்டன் என்று குரலுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா? சம்பளம் அது பாட்டுக்கு வரும். ரிசப்ஷன் பக்கத்துல ஒரு சேர் போடச் சொல்றேன். சும்மா உக்காந்திருங்க, போதும்."

"சேருக்கு நான் எதுக்கு சார்? ஒரு பொம்மையை வாங்கி வெச்சிடுங்க" என்றாள். சும்மா உட்கார்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மறுபடி அந்தச் சுவருக்குப் போக அவள் தயாராக இல்லை.

திரைபடிப்பானை எழுதுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கும் பார்வை இல்லை. அவருக்குப் போன் போட்டாள்.

"சரி பண்ணிடலாம் மேடம். ஆனா சில வாரம் முழுசா உக்காரணும். சம்பளமில்லாத லீவுதான் போடணும். யாராவது அந்தச் செலவை ஏத்துக்கிட்டா செஞ்சிடுவேன். உங்களுக்கு மட்டுமில்ல, அந்த மென்பொருள் இருக்கிற எல்லா ஆபீசுக்கும் சேர்த்துத்தான்."

நியாயமான பேச்சு. நேரே கொள்முதல் அதிகாரியிடம் போனாள். மனுஷன் சிரித்தார்.

"இலவசம்னு நீங்களே சொல்றீங்க. இலவசத்துக்கு எந்தக் கணக்குலம்மா பணம் எடுக்கறது? நன்கொடைன்னா முதலாளியைக் கேக்கணும். அவர் தர்மத்துக்குன்னு ஒதுக்கினது தீர்ந்துபோச்சு."

தர்மமாம்! உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. திரும்பி வந்து பக்கத்து சீட் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா நல்லவள், இளகிய மனசு. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சில நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அக்கா அவள் கையைப் பிடித்து எல்லாரும் இருந்த அறைக்குக் கூட்டிப் போனாள். கைதட்டினார்கள். கையில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார்கள். உள்ளே சில்லறை குலுங்கியது.

"எல்லாருமா சேர்ந்து போட்டிருக்கோம்டா. உனக்காக. மேனேஜர் சார்கூட போட்டிருக்கார்" என்றாள் அக்கா.

மென்பொருளுக்குப் பணம் வேண்டும் என்று அவள் சொன்னது, டப்பா கைமாறிக் கைமாறி, குருட்டுப் பெண்ணுக்கு ஏதாவது போடுங்கள் என்று ஆகியிருந்தது.

"சார் இருக்காரா இங்க?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா" என்றார் மேனேஜர், பெருமையாக.

"போன மாசம் லிஃப்ட் நின்னுபோச்சே. மேனேஜருக்கு மூட்டுவலி, பாவம்னு யாராவது டப்பா குலுக்கினீங்களா?"

ஒருத்தன் களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டான்.

"இல்லல்ல? வருஷா வருஷம் பராமரிப்புன்னு பில் வருது, கையெழுத்துப் போடுறீங்க. உங்க மூட்டுக்கு பில், என் கண்ணுக்கு உண்டியலா? அதே மாதிரி பில் அந்த வாத்தியார்கிட்ட நான் வாங்கித் தரேன். நன்கொடையும் வேணாம், தர்மமும் வேணாம். வேலைக்குக் கூலி. அக்கா, இந்த டப்பால இருக்கறதை அந்த மென்பொருளை எழுதறவங்களுக்கு நீங்களே அனுப்புங்க. ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் வாங்கிப்பாங்க. உங்க எல்லார் பேரையும் போடுங்க. என் பேரைப் போடாதீங்க."

அக்கா அழுதுவிட்டாள். அதைக் கேட்க இவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்?

பில் வந்தது. கொள்முதல் அதிகாரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவள் தினமும் போய் அவர் மேஜை முன்னால் நின்றாள். இவள் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. வாத்தியார் லீவு போட்டார்.

சரிசெய்த பதிப்பு வந்த காலையில் அவள் சீக்கிரமே சீட்டுக்கு வந்துவிட்டாள். புகார் மென்பொருளைத் திறந்தாள். "புதிய புகார்" என்றது குரல். "மெக்கானிக்கை அனுப்பு" என்றது. "அழி" என்றது. மேலும் கீழுமாகப் போய் ஒவ்வொன்றையும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரிடமிருந்து ஒரு மின்னஞ்சல், ஆபீஸ் முழுவதற்கும். குரல் அதையும் படித்தது. காதில் விழுந்ததை நம்பாமல், வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள். "பார்வையற்ற நம் சகோதரிக்கு நிறுவனம் அளித்த கருணைப் பரிசு." தெளிவாக, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொன்னது.

எல்லாருக்கும் போகும்படி பதில் அடித்தாள்: "இது பரிசு இல்லை, பராமரிப்புச் செலவு. அடுத்த வருஷமும் பில் வரும்."

அனுப்பிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க. என்ன ரிப்பேர்?"