கண்ணை மூடினால் இருட்டு

தவராசா அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஈச்சிலம்பற்றில் அவரைக் கடைசிவரை பார்த்துவந்த தங்கை மகள் தொலைபேசியில் சொன்னாள். "மாமா போயிட்டார் அன்ரி. தேத்தண்ணி கேட்டவர், ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள..." அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி, கப்பல் சரக்கு பார்க்கும் சிறிய கந்தோர் ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் அவரும் நானும் கிண்ணியாச் சரீப் நானாவும் அங்கே ஒரே அறையில் எழுதுவினைஞர்களாக இருந்தோம். சன்னலைத் திறந்தால் மூதூர் லோஞ்ச் படகு புறப்படுவது தெரியும். நோன்புப் பெருநாள் கழிந்தால் சரீப் நானா வீட்டு வட்டிலப்பம் எங்கள் மேசைக்கு வந்துவிடும். வெளியே என்ன நடந்தாலும் அந்த அறையில் சிரிப்புக்குக் குறைவில்லை. இன்றைக்கும் அந்த அறைக்காக என் மனம் ஏங்குகிறது.

வெள்ளிக்கிழமைகளில் நானும் அண்ணையும் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். அவர் வாய்விட்டுத்தான் கும்பிடுவார். ஒருநாள், "பிள்ளையாரே, மனேச்சருக்கு இண்டைக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளும்" என்று அவர் உரத்து வேண்டிக்கொண்டிருக்க, மனேச்சர் அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மனசுக்குள்ள சொல்லக்கூடாதோ அண்ணை?"

"மனசுக்குள்ள என்னெண்டு தங்கச்சி சொல்றது? அங்க ஒரு சத்தமும் இல்லையே."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். அதையும் நான் நம்பியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டை அவருடைய மனைவி பூமணி அக்காதான் கொண்டுவருவா. அவ படியேறி வந்ததும் அண்ணை எழுந்து நின்று, அன்றைக்குத்தான் முதன்முதலில் காண்பவர் போல அவவைப் பார்ப்பார். "காலமை பார்த்த முகம்தானே, தேய்ஞ்சா போச்சு?" என்று அவ வெட்கத்தோடு ஏசுவா. எங்களுக்கு அது தினமும் ஒரு கேலிப் பொருள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை தெரியாமல் வாழ்ந்தார்கள்.

பிறகு கலவரத்தில் அவர்கள் வீடு எரிந்தது. கல்யாணப் படங்களும் அடையாள அட்டைகளும் அதோடு போயின. அகதி முகாமில் காய்ச்சல் கண்டு பூமணி அக்கா இறந்தா. அவவின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஒரு மாதத்தில் அண்ணை வேலைக்குத் திரும்பினார். அழுது நான் காணவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படி.

அந்த வருடமே ஒருநாள், முத்திரை எடுக்க அவருடைய மேசை லாச்சியைத் திறந்தபோது ஒரு கொப்பி கண்ணில் பட்டது. பிரித்தேன். "சரீப் நானா. வலது காதுமடல் மடிந்தது. சிரிக்கமுன் தொண்டையைச் செருமுவார்." அடுத்து என் பெயர். "நெற்றியில் அம்மைத் தழும்பு இரண்டு. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும்." ஒரு மாதத்துக்கு முன்புதான் என் தம்பியை முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் காட்டிக்கொடுக்க, ஆமிக்காரர் பிடித்துப்போய் அடித்து நொறுக்கி அனுப்பியிருந்தார்கள். எங்கள் அங்க அடையாளங்களை ஒருவர் எழுதி வைத்தால் அந்நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவர் உள்ளே வந்ததும் கொப்பியை மேசையில் அறைந்தேன். "ஆருக்குக் குடுக்கிறதுக்கு எழுதி வைச்சிருக்கிறியள்?"

அவர் திகைத்துப்போனார். "எனக்குத்தான் தங்கச்சி. நீங்கள் வாசலைத் தாண்டினால் உங்கட முகம் என்னட்டை இல்லை. பார்த்தால் தெரியும், பாராமல் ஏலாது."

சரீப் நானா கதவைச் சாத்தினார். "கண்ண மூடுங்க தவராசா. என்ன தெரியிது?"

"இருட்டு."

"பூமணிட முகம்?"

"இருட்டுத்தான்." கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுதோ? மெய்யாத் தெரியுதோ? சும்மா கதைக்கிற கதையெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சனான்!"

மற்றவர்களுக்குக் கண்ணை மூடினாலும் முகம் தெரியும் என்பதை, நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் அன்றைக்குத்தான் அறிந்தார். கொப்பியில் பாதிக்கு மேல் பூமணி அக்கா. சோறு போடும்போது கழுத்தைச் சரிக்கும் விதம், மேலுதட்டு மச்சம், எண்ணெய் வைத்த நாளில் வகிடு எடுக்கும் பக்கம். உயிரோடு இருந்தபோது எழுதியவை. அவரிடம் மிஞ்சியிருந்த அக்கா அவ்வளவுதான்.

அப்போது வாசல் காவலர் ஓடிவந்து, சுற்றிவளைப்பு வருகிறது என்றார். கொப்பி அகப்பட்டால் அதிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து. "எரியுங்கோ அண்ணை" என்று நான்தான் கத்தினேன். "அக்காவின்ர ஒற்றையளை மட்டும் கிழிச்சு வையுங்கோ."

அவர் ஒரு தாளைப் புரட்டிக் காட்டினார். தாள் தட்டுப்பாட்டில் இரு பக்கமும் எழுதியிருந்தார். அக்கா இருந்த தாளின் மறுபக்கத்தில் நாங்கள் இருந்தோம். எங்களைப் பற்றிய வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிடலாமே என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. எனக்கு அது மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது. கந்தோர்க் குசினி அடுப்பில் முழுக் கொப்பியையும் அவரே வைத்து எரித்தார். திரும்பி வந்து கதிரையில் அமர்ந்து, "நீங்கள் பயப்படாதேங்கோ தங்கச்சி" என்றார்.

பிறகு பல தடவை, அக்காவைப் பற்றி எனக்கு நினைவிருப்பதை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்பார். "ஓம், சரியாய்த்தான் இருக்கும். ஆனால் அது நீங்கள் பார்த்த பூமணி" என்பார். கொப்பியை எரிக்கச் சொன்னதற்காக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோரும், "முகம் கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். என்னால் அதைச் சொல்ல வாய் திறக்க முடியவில்லை.

போய் வாருங்கோ அண்ணை. கண்ணை மூடினால் நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள், பூமணி அக்கா படியேறி வாறா. ஒரு முயற்சியும் இல்லாமல் எனக்கு இரண்டு பேரும் தெரிகிறீர்கள். என்னை மன்னியுங்கோ.